தண்ணி குடிங்க

கரைநாட்டில் ஒருவர் பேச்சின் நடுவே திணறி நின்றால், "என்ன சொல்ல வந்தீங்க?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்கமாட்டார். கேட்பது மரியாதைக் குறைவு. "தண்ணி குடிங்க" என்று தன் பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டுவார். திணறியவரும் இரண்டு மிடறு குடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். கல்யாண வீட்டிலும் இப்படித்தான், துக்க வீட்டிலும் இப்படித்தான். புதிதாக வந்திறங்கிய வெளிநாட்டுக்காரன் பார்த்தால், இந்த ஊர்க்காரர்கள் சோற்றில் உப்பை அள்ளிப் போடுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வான்.

விஷயம் உப்பு அல்ல, முள். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் நல்லொலிக் கருவி. மீன் முள் சிக்கின மாதிரியே இருந்ததால் ஜனங்கள் முள் என்றார்கள். அரிசி அளவுதான் இருக்கும். தலைமைக் காவலரின் காவலாட்சி வந்த புதிதில், மருத்துவ முகாம் என்று பெரியவர்களைக் கூப்பிட்டு வைத்துத் தொண்டையில் போட்டுவிட்டார்கள். அப்புறம் பிறந்த குழந்தைகளுக்குத் தடுப்பூசியோடு சேர்த்துப் போட்டார்கள். எந்தெந்தச் சொல் கூடாது என்று மலைமேல் இருந்த கோபுரம் ஓயாமல் முள்ளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். நாக்கு அந்தச் சொல்லுக்காக மடங்க ஆரம்பித்ததுமே தொண்டை இறுகிவிடும். மூச்சு முட்டும், கண்ணில் நீர் வரும், இருமல் வரும். சொல் மட்டும் வராது.

முதலில் போனது 'வேலைநிறுத்தம்'. பிறகு 'சிறை'. ஒரு சமயம் 'ஏன்' என்பதையும் சேர்த்துப் பார்த்தார்கள். வகுப்பறையில் வாத்தியார்களே மூச்சுத் திணறி விழுந்ததால் மறுநாளே எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஆட்களின் பெயர்களில் கை வைத்தார்கள். ஒருவனைப் பிடித்துக்கொண்டு போனால் அவன் பெயரையும் கூடவே கொண்டுபோய்விடுவார்கள். பெற்றவளே பெயர் சொல்லித் தேட முடியாது என்றால், ஊரில் யாருமே காணாமல் போகவில்லை என்றுதானே கணக்கு.

செங்கமலத்தின் மகன் பெயரும் அப்படிப் போனதுதான். அவன் படகு எஞ்சின் பட்டறையில் வேலை பார்த்தவன். அடுத்த தெருவில் அதே பெயரில் ஒரு மீன்காரர் மகன் இருந்தான். ஒரே நாளில் அவனுக்கு முருகேசன் என்று பெயர் மாற்றினார்கள். அவன் அம்மா இன்னமும் அவசரத்தில் பழைய பெயரைக் கூப்பிடப் போய் இருமுவாள்.

இந்தக் கதையைச் சொல்கிற எனக்கும் அந்தப் பெயரை இப்போதே எழுதிவிட ஆசைதான். அவளுக்கு வராத பெயர் எனக்கு மட்டும் சுலபமாக வந்துவிடுவது நியாயமில்லை. கொஞ்சம் பொறுங்கள்.

செங்கமலத்துக்கு நீலத்துறைப் படகுத்துறையில் அறிவிப்பாளர் வேலை. கண்ணாடி வைத்த சின்ன அறை, ஒரு மைக், ஒரு சுழல் மின்விசிறி. எந்தப் படகு எப்போது கிளம்பும் என்று சொல்வாள். கூட்டத்தில் தொலைந்த குழந்தைகளைக் கூப்பிடுவாள். "இன்னாருடைய மகன் இன்னார் எங்கிருந்தாலும் உடனடியாக அறிவிப்பு அறைக்கு வரவும். உங்கள் அம்மா இங்கே காத்திருக்கிறார்." அவள் குரலுக்கு எப்படியோ பிள்ளைகள் வந்து சேர்ந்துவிடும். ஐஸ் வண்டிக்குப் பின்னாலிருந்தும் டிக்கெட் வரிசையிலிருந்தும் அழுதுகொண்டே வரும். ஊரார் பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டுக் கொடுத்தவள், தன் பிள்ளையைக் கூப்பிட முடியாமல் அந்த அறைக்குள்ளேயே இத்தனை வருஷமும் உட்கார்ந்திருந்தாள்.

ஒருநாள் காவலாட்சி விழுந்தது. பட்டாளம் சுட மறுத்தது, தலைமைக் காவலர் இரவோடு இரவாக ஓடிப்போனார், ஜனங்கள் தெருவில் ஆடினார்கள். அதையெல்லாம் விவரித்தால் கதை வேறு பக்கம் போய்விடும். புதிய அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. முள்ளை என்ன செய்வது என்று முடிவெடுக்கச் சாதாரண ஜனங்களையே சீட்டுக் குலுக்கி எடுத்து ஒரு அவை அமைத்தது. சொல்லவை என்று பெயர். குலுக்கலில் செங்கமலத்தின் பெயர் வந்தது.

முதல் கூட்டத்துக்கு அவள் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனாள். முள்ளைப் பற்றி விளக்க ராஜையா என்ற இளம் பொறியாளர் வந்திருந்தார்.

"எடுத்துப் போட்டுட வேண்டியதுதானே தம்பி?" என்று முதலில் கேட்டவள் அவள்தான்.

"எடுக்க முடியாதும்மா. குரல் நரம்புல வேர் பிடிச்சிருச்சு. எடுத்தா குரலே போயிரும். ஆனா கோபுரத்தை அணைச்சுட்டா முள்ளு வெறும் கல்லு. உள்ள கிடந்தாலும் ஒண்ணும் பண்ணாது."

"அப்ப அணைங்க."

எல்லாரும் கை தட்டினார்கள். அப்போதே அணைத்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. திருவேங்கடம் என்ற வக்கீல் எழுந்தார்.

"ஒரு நிமிஷம். மொத்தமா அணைச்சா நாளைக்குக் காலையிலேயே அந்த ஆளு பேரைச் சொல்லிக் கோஷம் போட்டுக்கிட்டு அவன் கூட்டம் தெருவுக்கு வரும். மறுபடியும் அவனைக் கொண்டாந்து உட்கார வைப்பாங்க. அந்த ஒரு பேரை மட்டும் உள்ளேயே வச்சிருப்போமே."

நேற்றுவரை தினமும் காலையில் சொல்லியே ஆகவேண்டியிருந்த தலைமைக் காவலரின் பெயர். அதை இனி யாராலும் சொல்ல முடியாது என்றதும் அவைக்கே மனம் குளிர்ந்துபோயிற்று. செங்கமலம் ஒரு கைக்கு இரண்டு கையாகத் தூக்கினாள். "அந்த நாசமாப் போறவன் பேரு எவன் வாயிலயும் வரக்கூடாது!" என்று கத்தினாள். ஜாங்கிரி கொடுத்தார்கள்.

அடுத்தடுத்த கூட்டங்களில் சொற்களை ஒவ்வொன்றாக விடுதலை செய்தார்கள். 'சிறை' வந்த அன்றைக்கு வயதானவர்களெல்லாம் எழுந்து நின்று "சிறை, சிறை" என்று சின்னப் பிள்ளைகள் போலச் சொல்லிப் பார்த்துச் சிரித்தார்கள். கூடவே வேறொன்றும் நடந்தது. தலைமைக் காவலரின் பெயரைப் பூட்டியாயிற்று, அவருடைய அதிகாரிகளை மட்டும் விடுவானேன் என்றார்கள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. கடைசியில் வக்கீல் அதையெல்லாம் சேர்த்து ஒரு விதியாக்கினார். எவன் கையில் ஜனங்களின் ரத்தம் படிந்திருப்பதாகக் குற்றச்சாட்டு இருந்தாலும், நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை அவன் பெயர் முள்ளுக்குள்ளேயே இருக்கும். அதற்கும் செங்கமலம் கை தூக்கினாள்.

காணாமல் போனவர்களின் பெயர்கள் வந்த நாளில் அவள் சாப்பிடாமல் போனாள். பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் எழுத்தில் வரும், ஆட்சேபணை உண்டா என்று அவைத்தலைவர் ஞானப்பிரகாசம் கேட்பார், இல்லையென்றால் விடுதலை. பெற்றவர்கள் பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து பெயரைச் சொல்லி அழுவார்கள். அவள் மகன் பெயர் திரையில் வந்தது.

"ஆட்சேபணை இருக்கு" என்றது பக்கத்து நாற்காலி.

பூங்காவனம். செங்கமலத்தைவிடச் சில வயது மூத்தவள். அக்கரையில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். இத்தனை கூட்டங்களிலும் இருவரும் அடுத்தடுத்துதான் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் பாட்டிலில் ஒருவர் தண்ணீர் குடித்திருக்கிறார்கள். யார் பிள்ளை என்ன ஆனான் என்று கேட்கிற வழக்கம்தான் அந்த நாட்டில் இல்லையே.

"மீனலோசனி படகுல குண்டு வச்சது இவன்" என்றாள் பூங்காவனம். "எம் பொண்ணு சுகந்தி நர்ஸ் பரீட்சை எழுதப் போனா. பரீட்சைக்குப் போன பிள்ளையைச் சாக்குல கட்டிக் கொண்டாந்து குடுத்தாங்க. இவன் பேரு தெருவுல நடமாடக் கூடாது."

படகு வெடித்தது உண்மை. செங்கமலமே அன்றைக்கு மைக்கில் அந்தப் படகை அனுப்பிவைத்தவள். அவள் மகன்தான் வைத்தான் என்று காவலாட்சி சொன்னது. சொன்ன கையோடு அவனைக் கொண்டுபோயிற்று. அதற்கப்புறம் அவனும் இல்லை, வழக்கும் இல்லை.

"அது அவனுங்க கட்டின கதை..." என்று செங்கமலம் எழுந்தாள். "எம் மகன்..." என்று ஆரம்பித்துப் பெயரிடம் வந்ததும் தொண்டை இறுகியது. இருமினாள். அவை முழுவதும் மரியாதையாகக் காத்திருந்தது. யாரோ தண்ணீர் நீட்டினார்கள்.

கை தூக்கச் சொன்னார்கள். பெரும்பாலான கைகள் பூங்காவனத்தின் பக்கம் போயின. மகளை இழந்தவளை எதிர்த்து யார் கை தூக்குவார்கள்?

"தீர்ப்பு வந்தா தானா விடுதலை ஆயிடும்மா" என்றார் ஞானப்பிரகாசம் ஆறுதலாக. "பெரும்பான்மை முடிவு. ஜனநாயகம்னா அதுதானே?"

"எந் தொண்டையில இருந்து எது வரலாம், எது வரக்கூடாதுன்னு ஊரே கை தூக்கி முடிவு பண்றதாங்கய்யா ஜனநாயகம்?"

"நீங்களும் தூக்கினீங்களேம்மா, ரெண்டு கையையும்" என்றார் அவர். குத்திக்காட்டச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். செங்கமலம் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் ராஜையாவைத் தேடிப் போனாள். நீதிமன்றத்துக்குப் போவதற்கு என்ன வழி என்று கேட்டாள். அவர் நல்ல பையன், தேநீர் வாங்கிக் கொடுத்து விளக்கினார்.

"படகு வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லலாம்மா. அன்னைக்கு அவர் எங்க இருந்தாரு, யாரு பார்த்தாங்கன்னு சாட்சி கூண்டுல ஏறிச் சொல்லணும்."

"பட்டறையில அவன்கூட வேலை பார்த்தவங்க நாலு பேரு இருக்காங்க. எழுதிக் குடுக்கச் சொல்றேன்."

"எழுத்து செல்லாதும்மா. காவலாட்சியில அடிச்சு அடிச்சு எழுதி வாங்கினாங்கல்ல? அதனால இனிமே எழுத்து வாக்குமூலமே கிடையாது, எல்லாம் வாயாலதான்னு புது அரசு போன மாசம் சட்டம் போட்டிருக்கு. நல்ல சட்டம்மா அது."

"நல்ல சட்டந்தான். அப்ப கூண்டுல ஏறி அவன் பேரை வாயால சொல்லணும்."

"ஆமா."

"அந்தப் பேரு எப்ப வாயில வரும்?"

"தீர்ப்பு வந்தா."

"தீர்ப்பு எப்ப வரும்?"

ராஜையா பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தார். அவர் தொண்டையில் எந்தச் சொல்லும் சிக்கவில்லை. ஆனாலும் குடித்தார்.

"இதை யாரும் வேணும்னு பண்ணலம்மா" என்றார் பிறகு.

"தெரியும் தம்பி. முன்னாடி அவனுங்க பூட்டினானுங்க. இப்ப நாமளே பூட்டிக்கிட்டோம். அதுக்கு ஜாங்கிரி வேற."

அன்றைக்கு அறிவிப்பு அறையில் அவளுக்கு வேலையே ஓடவில்லை. கண்ணாடிக்கு வெளியே ஜனங்கள் சுதந்திரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். சிறை என்று சொன்னார்கள், வேலைநிறுத்தம் என்று சொன்னார்கள், அரசாங்கத்தைக்கூடத் திட்டினார்கள். அவளுக்கு மட்டும் அந்த அறை முன்னைவிடச் சின்னதாகிவிட்டிருந்தது. காவலாட்சியில் ஊரோடு சேர்ந்து மூச்சு முட்டியது. இப்போது தனியாக முட்டுகிறது. திட்டுவதற்கு எதிரில் ஒரு ஆளும் இல்லை.

யோசித்து யோசித்து ஒன்று புரிந்தது. மகன் பெயரை மட்டும் தனியாக எடுக்க முடியாது. ஒன்றைப் பூட்ட அனுமதித்ததால்தான் எல்லாமே பூட்டப்பட்டது. கோபுரத்தை மொத்தமாக அணைத்தால்தான் உண்டு. அணைத்தால் முதல் கூட்டத்தில் பூட்டிய அந்தப் பெயரும் வெளியே வரும். தன் பிள்ளையைக் கொண்டுபோனவன் பெயர் ஊர் வாயில் வருவதற்காக அவளே எழுந்து நின்று வாதாட வேண்டும். இருந்தாலும் தீர்மானம் எழுதிக் கொடுத்தாள்.

சிலர் சேர்ந்தார்கள். ராஜையாவின் விளக்கத்தைக் கேட்டு ஞானப்பிரகாசமே மனம் மாறினார். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் ஒரு கை குறைந்தது. மிச்சமிருந்தவர்கள் வக்கீல் பக்கம் கெட்டியாக நின்றார்கள். பூங்காவனம் ஒருத்திதான் இன்னும் யாரும் கேட்டுப் பார்க்காத ஆள்.

பூங்காவனம் மகள் போன பிறகு படகில் ஏறுவதில்லை. அக்கரையிலிருந்து கழிமுகத்தைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில்தான் வந்துபோவாள். செங்கமலம் பஸ் நிறுத்தத்தில் போய் அவள் பக்கத்தில் நின்றாள்.

"என்னத்துக்கு வந்தேன்னு தெரியும்" என்றாள் பூங்காவனம், பார்க்காமலேயே. "என்கிட்ட வேணாம்."

"அக்கா..."

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் கமலம். சாமி மேல ஆணையா சொல்லு. உம் பிள்ளை வச்சானா, இல்லியா?"

இல்லை என்று சொல்லத்தான் செங்கமலம் வந்திருந்தாள். அவை முன்னால் அப்படித்தான் சொன்னாள். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. முள் அந்தச் சொல்லைப் பூட்டவில்லை, ஆனாலும் வரவில்லை. மகன் கடைசி மாதங்களில் வீட்டுக்கு நேரம் கழித்து வந்துகொண்டிருந்தான். கேட்டால் சிரித்தான்.

"தெரியாதுக்கா" என்றாள். "இத்தனை வருஷமா எனக்கே தெரியாது. வைக்கலன்னு நம்புறேன். நம்புறதும் தெரியறதும் ஒண்ணில்லையே."

பூங்காவனம் திரும்பிப் பார்த்தாள்.

"தெரியணும்னா விசாரிக்கணும். விசாரிக்கணும்னா பேரைச் சொல்லணும்" என்றாள் செங்கமலம். "நான் கூப்பிட முடியாம கிடக்கேன். நீங்க என்ன பண்றீங்க? சுகந்தி திதி அன்னைக்கு அவனைத் திட்டுவீங்கல்ல? எப்படித் திட்டுவீங்க?"

"பாவின்னு திட்டுவேன். சண்டாளன்னு திட்டுவேன்."

"பேரைச் சொல்லி?"

பூங்காவனத்தின் கை தானாகப் பையிலிருந்த பாட்டிலுக்குப் போயிற்று. வருஷா வருஷம் மகள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அவள் சாபம் கொடுப்பாள். சாபம் போய்ச் சேர வேண்டிய இடத்தில் இருமல்தான் வரும்.

பஸ் வந்தது. ஏறினாள். படியில் நின்று, "உனக்காக ஒண்ணும் இல்ல" என்றாள்.

"வேணாங்க்கா. எனக்காக வேணாம்."

தீர்மானம் வாக்குக்கு வந்த அன்று வக்கீல் அழகாகத்தான் பேசினார். "சுதந்திரத்துக்கும் வேலி வேணும்" என்றார். பாதி அவை தலையாட்டியது. செங்கமலத்துக்கு அவ்வளவு அழகாகப் பேச வரவில்லை. "எவன் பேரைப் பூட்டலாம்னு நாம கேட்டோம். பூட்டு நம்ம தொண்டையிலதான் தொங்குதுன்னு மறந்துட்டோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கைகளை எண்ணினார்கள். இரண்டு பக்கமும் சமமாக நின்றது. பக்கத்து நாற்காலியில் பூங்காவனம் மடியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் கையைத் தூக்கினாள்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் கோபுரத்தை அணைத்தார்கள். மலைமேல் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு போனதை நீலத்துறையில் எல்லாரும் பார்த்தார்கள். என்ன பேசுவதென்று யோசித்தார்கள் போலிருக்கிறது. யோசிக்காதவர்கள் முந்திக்கொண்டார்கள். துணியில் சுருட்டி வைத்திருந்த பழைய கொடிகள் வெளியே வந்தன.

"ஜெயசிங்கம் வாழ்க! எங்கள் ஜெயசிங்கம் வாழ்க!"

விடுதலையான முதல் பெயர் அதுதான். வக்கீல் சொன்னது அப்படியே நடந்தது. படகுத்துறை முழுக்க அந்தப் பெயர் மோதி எதிரொலித்தது. செங்கமலம் காதைப் பொத்திக்கொண்டு அறிவிப்பு அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள். கண்ணாடி வழியாகவும் கேட்டது. எல்லாம் அவள் செய்த வேலை. அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. எதற்காக இதைச் செய்தோம் என்று கேட்டுக்கொண்டு மைக்கை இழுத்து சுவிட்சைப் போட்டாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு."

பழகிய குரல். வெளியே சிலர் தலை நிமிர்ந்தார்கள்.

"நீலத்துறை சுங்கத் தெருவைச் சேர்ந்த, செங்கமலத்தின் மகன்..."

தொண்டை இறுகியது.

முள் செத்துவிட்டது. அது வெறும் கல் என்று ராஜையா சொல்லியிருந்தார். தொண்டைக்கு யார் சொல்வது? பெயருக்கு முன்னால் நின்று நின்று பழகிய தொண்டை, கோபுரம் இல்லாமலேயே தானாக மூடிக்கொண்டது. மூச்சு முட்டியது. இருமல் துறையின் பத்து ஒலிபெருக்கிகளிலும் பெரிதாகக் கேட்டது. வெளியே கோஷம் தடுமாறியது. கொடி பிடித்தவன்கூட ஒரு கணம் நிறுத்திவிட்டுப் பழக்கத்தில் தன் பாட்டிலைத் தேடினான்.

அவள் மறுபடியும் முயன்றாள். "செங்கமலத்தின் மகன்..." மறுபடியும் இருமல். இனி ஒருநாளும் வராது என்று அப்போது அவளுக்குத் தோன்றியது. மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. பூங்காவனம் நின்றுகொண்டிருந்தாள். அந்தத் துறையில் அவள் கால் வைத்து எத்தனையோ வருஷமாயிற்று. படகு கிளம்பிய இடத்தில் நின்று, வாய் நிறையப் பெயரைச் சொல்லிச் சாபம் கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தாள். கையில் பாட்டில் இருந்தது. செங்கமலத்தின் இருமலைக் கேட்டதும் அதை நீட்டினாள். வாய் "தண்ணி" என்று ஆரம்பித்தும் விட்டது.

அப்புறம் என்ன நினைத்தாளோ, பாட்டிலைக் கீழே வைத்தாள். மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.

"சேந்தா!"

துறை முழுவதும் அதிர்ந்தது. ஜெயசிங்கம் கோஷம் நின்றுபோயிற்று.

"டேய் சேந்தா! படுபாவி! எம் பொண்ணைக் கொன்னியாடா? இல்லியாடா? எங்க இருந்தாலும் வந்து சொல்லுடா! உங்கம்மா இங்க உக்காந்திருக்கா, வாடா!"

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. மைக்கின் மேலேயே சரிந்து அழுதாள். அழுகையும் ஒலிபெருக்கியில் போயிற்று.

செங்கமலம் தலையைத் தூக்கினாள். பூங்காவனத்தின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா" என்றாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."